பெரியவர் போட்ட ஓட்டு

ஷார்ஜாவில் வளர்ந்தவர்கள் நாலு பேர் இப்போது எங்காவது சந்தித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பள்ளி வேன், ஏசித் தண்ணீர் சொட்டும் சந்து, வெள்ளிக்கிழமை பிரியாணி என்று சுற்றி, கடைசியில் நாமெல்லாம் எவ்வளவு நல்ல பிள்ளைகளாக இருந்தோம் என்று முடியும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டோம். சொல்லாதே என்றால் சொல்ல மாட்டோம். இப்போது நமக்கும் நரை வந்து, மூட்டு வலிக்க ஆரம்பித்து, நம் பிள்ளைகளையும் அதே போல் இரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் அப்படி ஒரு நல்ல பிள்ளையாக இருந்ததால் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

வீடு என்றால் ரோலாவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு கிச்சன். ஒரு அறையில் அப்பா, அம்மா, நான். இன்னொன்றில் அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும். ஷேரிங் என்று அதற்குப் பெயர். கிச்சன் அலமாரியில் மேல் இரண்டு தட்டு எங்களுக்கு, கீழ் இரண்டு அவர்களுக்கு. பாத்ரூமுக்குக் காலையில் முறை உண்டு, அப்பா ஆறு மணிக்கு, மாமா ஆறே காலுக்கு.

அம்மாவைப் பெற்றவர் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில்லில் யூனியன் ஆள். அந்த வழியில் மாமாவுக்கு சோவியத்தில் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தது. போனார், படித்தார், அதே ஊரில் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கொஞ்ச நாளில் அந்த நாடு உடைந்து பல நாடாகிவிட்டது. அத்தையின் நாடு அதில் ஒன்று. பெயரைச் சொன்னால் இன்றைக்கு வரும் செய்தியெல்லாம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் விட்டுவிடுகிறேன். ரோலாவில் எல்லாருக்கும் அவள் ரஷ்யாக்காரிதான். முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கட்டடத்துப் பெண்கள் அவளோடு லிப்டில் ஏற மாட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் வெள்ளைத் தோலும் அந்தப் பாஷையும் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். அவள் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை ஒரு துணிக்கடையில் நின்று, அவள் நாட்டிலிருந்து மூட்டை கட்ட வரும் வியாபாரிகளுக்கு ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருந்தாள்.

தமிழை அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டாள். சுத்தமான திருநெல்வேலித் தமிழ், ஆனால் மரியாதை விகுதி மட்டும் ஏறவே இல்லை. "நீ சாப்ட்டியா? டூட்டிக்குப் போகலியா?" என்று அப்பாவைக் கேட்பாள். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிச்சனுக்குள் போய்விடுவாள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் வாக்குவாதம் நடக்கும். மாமாவுக்கு சோவியத் என்றால் சாமி.

"அங்க வீடு சும்மா குடுத்தாம்லா அத்தான். படிப்பு சும்மா, ஆஸ்பத்திரி சும்மா. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியளா?"

"குடுத்தான்," என்பாள் அத்தை. "பதினாலு வருஷம் கழிச்சுக் குடுத்தான். அதுவரைக்கும் ரெண்டு குடும்பம், ஒரு கிச்சன். இங்க மாதிரிதான்."

அத்தைக்கு அந்தப் பழைய காலமும் பிடிக்காது, அதற்குப் பின் வந்ததும் பிடிக்காது. நாடு பிரிந்ததும் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பல மாதம் சம்பளம் இல்லை. பிறகு சம்பளத்துக்குப் பதில் எனாமல் பேசின் கொடுத்தார்கள், பக்கத்து பாக்டரியில் விற்காமல் கிடந்தவை. அதைத் தெருவில் வைத்து விற்றுத்தான் அவள் வியாபாரம் படித்தாள். கடைசியில் மிஞ்சிய ஒரு நீல பேசினைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதில்தான் அம்மா இட்லிக்கு அரிசி கழுவுவாள். "பாதி மாத்தினான், மீதிய அப்பிடியே விட்டுட்டான்," என்பாள் அத்தை. "முழுசா மாத்தணும். கோர்ட்டு மாத்தணும், போலீசு மாத்தணும். அப்பதான் கடை தொறந்து பிரயோசனம்."

அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. "இந்த ஊர்ல ஓட்டே கிடையாது மாப்ள. கரண்டு போகுதா? ரோட்டுல குழி இருக்கா? நம்ம ஊர்ல போட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம்?"

"நாளைக்குக் கம்பெனி உன் விசாவ கேன்சல்னு சொன்னா யாருட்டப் போயிக் கேப்ப?" என்று அத்தை கேட்டாள்.

"கேக்கதுக்கு என்ன இருக்கு. பெட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"அதத்தான் சொல்லுதேன்," என்றாள். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், குளிர் தொடங்கியதும், அத்தையின் அப்பா விசிட் விசாவில் வந்தார். வீட்டில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றோம். சைக்கிள் பாக்டரியில் நாற்பது வருஷம் போர்மேனாக இருந்தவர். பாக்டரியைத் தனியாருக்குக் கொடுத்தபோது தொழிலாளிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்குப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் விற்றுத் தின்றுவிட்டார்கள். இவர் விற்கவில்லை. பாக்டரியை மூடி இயந்திரங்களை இரும்புக் கடைக்குப் போட்ட பிறகும் பத்திரத்தைப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருந்தார். இளம்பச்சைத் தாள், ஓரத்தில் கொடி போல வேலைப்பாடு. எனக்குக் காட்டினார்.

அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு நூல் வலைப்பை சுருட்டிக் கிடக்கும். போகிற வழியில் எந்தக் கடையில் என்ன வந்திருக்கும் என்று சொல்ல முடியாதே, அதற்காக. ரோலாவில் எல்லாக் கடையிலும் எல்லாமும் எப்போதும் இருந்தது. அதை அவரால் நம்ப முடியவில்லை. முதல் வாரமே பன்னிரண்டு பாக்கெட் உப்பு வாங்கி வந்தார். மறு வாரம் தீப்பெட்டி. கீழ்த் தட்டு நிரம்பி எங்கள் தட்டுக்கு ஏறியது.

"ஏட்டி, உங்க அப்பாட்டச் சொல்லு, இங்க உப்புக்குப் பஞ்சம் இல்லன்னு," என்றாள் அம்மா.

அத்தை சொன்னாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அத்தை மொழிபெயர்த்தாள்: "இன்னைக்குப் பஞ்சம் இல்ல, சரிங்கான்."

எனக்குக் குளிர்கால லீவு. மற்ற நாலு பேரும் டூட்டிக்குப் போய்விடுவார்கள். பெரியவரும் நானும்தான் வீட்டில். எங்களுக்குள் மொத்தம் இருபது வார்த்தை இருந்திருக்கும். அவர் எங்கள் மிக்சியைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். மத்தியானம் தேநீரில் ஜாம் போட்டுக் கொடுப்பார், குடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது பிடிக்காது. குடித்துவிடுவேன்.

அந்தக் குளிரில்தான் அவர்கள் நாட்டில் தேர்தல் வந்தது. அத்தைக்குப் புதிய ஆள் வர வேண்டும். பெரியவருக்குப் பழைய கட்சி. இரண்டு பேரும் ஹாலில் அவர்கள் பாஷையில் குரல் தாழ்த்திச் சண்டை போடுவார்கள், அது கத்துவதைவிட மோசம். மாமா பெரியவர் பக்கம் சேர்ந்துகொள்வார். ஓட்டுப் போட அபுதாபியில் எம்பஸிக்குப் போக வேண்டும். அத்தை ஒரு நாள் லீவு கேட்டால் கடைக்காரன் முகத்தைத் தூக்குவான்.

ஒரு வியாழக்கிழமை அவளே ஒரு வழி சொன்னாள். "நீ அவனுக்குப் போடுவ. நான் இவனுக்குப் போடுவேன். ரெண்டும் கழிஞ்சு போயிரும். எதுக்கு அபுதாபி? நீயும் போகாத, நானும் போகல." எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்.

அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "இத்தனை நாள்ல இவ பேசினதுல இதுதான் அறிவுள்ள பேச்சு," என்றார்.

பெரியவர் வெகுநேரம் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். அத்தை பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஊர் வழக்கப்படி இரண்டு பேர் வாக்குக் கொடுத்துக் கை பிடித்தால், மூன்றாவது ஆள் உள்ளங்கை ஓரத்தால் அந்தப் பிடியின் மேல் ஒரு வெட்டு வெட்டிப் பிரித்துவிட வேண்டும். அப்போதுதான் அது செல்லும். "ஏட்டி, நீ வா," என்று என்னைக் கூப்பிட்டாள் அத்தை. வெட்டினேன். பெரியவரின் கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

அத்தை ஏன் கை வரைக்கும் போனாள் என்று அன்றைக்குப் படுக்கும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள். அத்தையின் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று இதே மாதிரி கை கொடுத்தவர், வரவில்லையாம். அந்நிய நாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கிறாயே என்று பாக்டரிக் கமிட்டியில் யாரோ கேட்டார்களாம், அதனால். "அதுக்கப்புறம் அவரு குடுக்க முதல் வாக்கு இதுதானாம். பாவம், சின்னப் பிள்ள மாதிரி சொல்லுதா," என்றாள் அம்மா. நான் தூங்குவது போலப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை, ஷார்ஜாவில் அது வேலை நாள். அத்தை கடைக்குப் போனதும் பெரியவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சட்டையை அவரே இஸ்திரி போட்டிருந்தார். பத்து மணிக்கு மாமா கம்பெனி பிக்கப்போடு வந்தார். அபுதாபி பக்கம் முசஃபாவில் ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்.

"ஏட்டி, நீயும் வா, தனியா இருக்க வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்," என்றார். வண்டியில் ஏறியதும், "அத்தைட்டச் சொல்லாத," என்றார். நான் தலையாட்டினேன்.

வழியெல்லாம் மாமாவுக்கு ஒரே உற்சாகம். நம்ம ஒரு ஓட்டு ஏன் வீணாக வேண்டும் என்று என்னிடம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெபல் அலி தாண்டியதும் பெரியவர் கோட்டுப் பையில் கை விட்டு வலைப்பை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

எம்பஸி ஒரு வில்லாதான். மாமாவிடம் இந்தியப் பாஸ்போர்ட், அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே ஒரு மேஜை, ஒரு பெட்டி, நீலத் திரை போட்ட இரண்டு மறைப்பு. பெரியவர் சுற்றுமுற்றும் எதையோ தேடினார். ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு ஒரு தட்டிலிருந்து எனக்கு ஒரு டாபி கொடுத்தாள். அவர் காலத்தில் ஓட்டுப் போடும் இடத்தில் ஆரஞ்சும் மாமிசமும், வேறு நாளில் கிடைக்காததெல்லாம் விற்பார்களாம். அதற்குத்தான் பை. இதை அத்தைதான் பல வருஷம் கழித்துச் சொன்னாள்.

நீளமான தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் திரைக்குப் பின்னால் போனார்கள். பெரியவர் போகவில்லை. அங்கேயே ஓரமாக நின்று பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் வாயில் டாபி கரைந்து முடியும் வரை நின்றார். பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் வைத்தார். தாளை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார். எனக்குப் பதினோரு வயது. ஓட்டுப் போடுவது என்றால் சீட்டைப் பெட்டியில் போடுவது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மாமா என்னவோ கேட்டார். பெரியவர், "தா," என்றார். ஆமாம் என்று அர்த்தம், அது என் இருபது வார்த்தையில் ஒன்று. மாமா அவர் தோளைத் தட்டினார். திரும்பும் வழியில் எனக்கு ஷவர்மா வாங்கிக் கொடுத்தார்கள்.

ரகசியம் இரண்டு நாள்தான் தாங்கியது. அத்தையின் கடைக்கு வந்த வியாபாரி ஒருத்தி, உங்கள் அப்பாவை எம்பஸியில் பார்த்தேனே, கூட ஒரு இந்தியக் குழந்தையும் இருந்ததே என்று சொல்லிவிட்டாள். அதற்குள் முடிவும் வந்திருந்தது. பழைய கட்சி ஜெயித்திருந்தது.

ராத்திரி அத்தை வந்து செருப்பைக் கழற்றினாள். பெரியவர் எழுந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லாரையும் பார்த்து, அவருக்குப் புரியாத தமிழில் சொன்னாள்: "எங்க அப்பா எனக்குக் கை குடுத்தான். இவ வெட்டினா. நீங்க எல்லாரும் பாத்திய." பிறகு மாமாவிடம், "வண்டி ஓட்டினது நீ. உன்ட்ட எனக்குக் கோவம் இல்ல. நீ எனக்குக் கை குடுக்கல," என்றாள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அவள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இப்போது யோசிக்கிறேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எதைச் சொல்வது? பேனாவை எடுத்தார், வைத்தார் என்றா? அது ஒரு விஷயம் என்று எனக்குத் தெரியாது. பெரியவரும் தன் பக்கத்தைச் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் அறை வாசலில் போய் நின்றார். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

விசா முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் ஒரே ஹாலில், ஒரே மேஜையில், அத்தை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு போடுவாள், மருந்தை எடுத்து வைப்பாள், பேச மாட்டாள். ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். உப்பையெல்லாம் பெட்டியில் கட்டியிருந்தார், எடை கூடுகிறது என்று நாலு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். அவர் கையை நீட்டினார். அத்தை அவர் பாஸ்போர்ட்டை அந்தக் கையில் வைத்தாள். எனக்கு அன்றைக்கே அது தாங்க முடியாமல் இருந்தது.

பள்ளிக்கூடம் அடுத்த வகுப்புக்குத் திறந்த சமயம் போன் வந்தது, பெரியவர் இறந்துவிட்டார் என்று. அத்தையின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கக் கம்பெனியில் கிடந்தது. கேட்டுப் பார்த்தாள், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். போக முடியவில்லை. அவருடைய காகிதங்கள் பிறகு தபாலில் வந்தன, அந்தப் பச்சைப் பத்திரமும் அதில் இருந்தது. வலைப்பையை அவர் கிச்சன் ஆணியிலேயே மறந்து போயிருந்தார். அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று காலி செய்தபோது பையும் நீல பேசினும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஊருக்கு வந்து, படித்து, அரசுப் பள்ளியில் டீச்சர் ஆனேன். டீச்சர் என்றால் தேர்தல் வேலை உண்டு. பஞ்சாயத்துத் தேர்தலில் கிராமத்துப் பக்கம் இன்னும் சீட்டுதான், முத்திரை குத்திப் போட வேண்டும். எண்ணும் மேஜையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு சீட்டைப் பிரித்தேன், ஒன்றுமே குத்தவில்லை, வெள்ளையாக இருந்தது. மேற்பார்வை அலுவலர் எட்டிப் பார்த்து, "செல்லாது டீச்சர், அந்தப் பக்கம் போடுங்க," என்றார். போட்டேன். அடுத்த சீட்டை எடுக்கக் கை வரவில்லை. எம்பஸியில் திரைக்குப் பின்னால் போகாமல் நின்ற பெரியவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

அத்தையும் மாமாவும் இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். மாமா உள் அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எம்பஸியில் நடந்ததை நடந்த மாதிரியே சொன்னேன்.

"தெரைக்குப் பின்னாடி போகலியா?"

"போகல அத்தை."

"பேனா?"

"எடுத்தார். மூடியக் கழட்டினார். ரொம்ப நேரம் நின்னார். திரும்ப மூடி பைல வச்சிட்டார்."

"மூடியக் கழட்டினானா?"

"ஆமா. நல்லா ஞாபகம் இருக்கு."

அத்தை கீரையைக் கீழே வைத்தாள். "முன்னாடி எங்க ஊர்ல சீட்டுல ஒரே பேருதான். எழுத வேண்டாம். சும்மா மடிச்சுப் போட்டா அதுதான் ஓட்டு. பேனா எடுத்தாலே ஒருத்தன் பாப்பான், இவன் அந்தப் பேர அடிக்கப் போறானான்னு. எங்க அப்பா நாப்பது வருஷம் பேனா எடுக்கல." மடியில் ஒட்டியிருந்த கீரை இலையைத் தட்டிவிட்டாள். "அன்னைக்கு எடுத்திருக்கான். எழுதணும்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எழுதல."

"போகாமயே இருந்திருக்கலாமே அத்தை."

"ஓட்டு நாளுக்குப் போகாம அவனுக்கு இருக்கத் தெரியாது. போனான். ஆனா குடுத்த கையக் காப்பாத்திட்டான்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "செத்தவன்ட்ட இத்தன வருஷமா நான் பேசாம இருக்கேன், பாத்துக்க."

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. முந்தின நாள் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "எப்பிடி மடிச்சான், காட்டு." அச்சடித்த பக்கம் வெளியே இருக்கும்படி நாலாக மடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பிரித்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். படிக்க ஏதோ இருப்பது போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட் உறையை எடுத்து வந்து, அந்தப் பச்சைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் அதைச் செருகினாள்.

உள்ளே டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா அதற்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள் அத்தை.

"அத்தைட்டச் சொல்லாதன்னு மாமா சொன்னாங்க."

அவள் கீரைத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ள," என்றாள்.